நாலாவது மாடிக்குத் தெரியும்படி

இனியாவின் வகுப்பாசிரியைக்குக் கொண்டை மட்டுமே லாரிச் சக்கரம் அளவுக்கு இருந்தது. அதற்கு ஒரு வட்டம் போட, இனியா குந்தியபடியே முழுச் சுற்று நகர்ந்து வரவேண்டியிருந்தது. சிங்கப்பூரின் மார்சிலிங்கில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடிப் புளோக்கின் முன்னால், லிஃப்டிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் சிமென்ட் நடைபாதையில், ஆசிரியை கையில் ரூலரோடு மல்லாந்து கிடந்தார். அவர் காலடியில் ஒருவன் பச்சை நிறத்தில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு வகுப்பில் நடந்த பெரிய செய்தி அதுதான்.

கபிலன் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, தீர்ந்துபோன சாக்பீஸ் துண்டுகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தான். காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறித் துவாஸ் தொழிற்பேட்டைக்குப் போய், நாள் முழுக்கப் பம்புகளோடு மல்லுக்கட்டிவிட்டு, வரும் வழியில் மகளைப் பராமரிப்பு நிலையத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்தவன். வந்ததும் சாதம் வைப்பான். சாதம் வைத்ததும் இரண்டு பேரும் கீழே இறங்கிவிடுவார்கள். ஏழு வயது இனியா அன்றன்று பள்ளியில் நடந்ததை நடைபாதையில் வரைவாள். நாலாவது மாடி ஜன்னலோரம் நாற்காலி போட்டு வைதேகி பார்த்துக்கொண்டிருப்பாள்.

பேப்பரில் வரைந்து மேலே கொண்டுபோய்க் கொடுத்தால் ஆகாதா என்று கபிலனே ஒருநாள் கேட்டுப் பார்த்தான். ஆகாதாம்.

"பேப்பர்னா அம்மா படுத்துக்கிட்டே பாத்துட்டு, படுத்துக்கிட்டே கீழ வெச்சிடுவாங்கப்பா. இதுன்னா எழுந்து வந்து உக்காந்து பாக்கணும்ல?"

வாதத்தில் அவளை ஜெயிக்க முடியாது. அப்படியே அம்மா.

அம்மாவுக்கு முதுகு வலி என்றுதான் இனியாவுக்குச் சொல்லியிருந்தார்கள். உண்மை வேறு. வைதேகிக்கு நாலு மாதம் முடிந்து ஐந்து நடந்தது. இனியாவுக்குப் பிறகு இரண்டு முறை கருத்தரித்து, இரண்டு முறையும் ஐந்தாம் மாதத்தில் கலைந்துவிட்டது. முதல் முறை, மூன்றாம் மாதமே அலுவலகத்தில் சொல்லி இனிப்புக் கொடுத்தாள். இரண்டாம் முறை, ஸ்கேன் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டார்கள். காரைக்குடி முதல் கோயம்புத்தூர் வரை சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இதயச் சின்னம் அனுப்பினார்கள். பத்தே நாளில் எல்லாம் முடிந்தது. கருப்பை வாய் பலவீனம் என்று டாக்டர் சொன்னார். வைதேகி டாக்டர் சொன்னதையும் கேட்டுக்கொண்டாள், கண் பட்டதையும் கணக்கில் வைத்துக்கொண்டாள்.

இந்த முறை தையல் போட்டு, படுத்தே இருக்கச் சொல்லியிருந்தார்கள். கழிவறைக்கு நடக்கலாம், ஜன்னலோரம் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் உட்காரலாம், அவ்வளவுதான். படுக்கையில் விழுந்த முதல் நாளே வைதேகி புருஷன் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்தாள்.

"வளைகாப்பு நடக்கற வரைக்கும் ஒரு உசுருக்குத் தெரியக்கூடாது. எங்கம்மாவுக்கும் கூடாது, உங்கம்மாவுக்கும் கூடாது. இனியாவுக்குக் கூடாது, அது சின்ன வாய். சத்தியம் பண்ணுங்க."

கபிலனுக்குக் கண் திருஷ்டியில் நம்பிக்கை கிடையாது. பம்பு ஏன் நின்றது என்று கழற்றிப் பார்த்துச் சொல்கிறவன் அவன். ஆனால் மனைவியின் தலைமேல் கை இருக்கும்போது இன்ஜினியரிங் படிப்பெல்லாம் எதற்கு உதவும்? சத்தியம் செய்தான்.

அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றுவது பெரிய காரியமில்லை என்று நினைத்திருந்தான். நடைபாதையில் வம்பு வரும் என்று யார் கண்டது?

வம்பை முதலில் கொண்டுவந்தவர் இரண்டாம் மாடி சுசீலா. சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்து, பேச்சில் அந்த ஊர் 'லா' ஒட்டிக்கொண்டு, கிளார்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இப்போது புளோக்கையே ஒரு ஃபைல் மாதிரி ஒழுங்காக வைத்துக்கொள்ளப் பாடுபடுகிறவர். கெட்டவர் என்று சொன்னால் பாவம். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் முதலில் கஞ்சி கொண்டுபோகிறவர் அவர்தான். ஆனால் தரை தரையாக இருக்கவேண்டும் அவருக்கு.

"தம்பி, இது எல்லாரும் நடக்கற இடம்லா. நேத்து மழையில சாக் தூள் வழுக்கி நான் விழத் தெரிஞ்சேன்."

"சாரி அக்கா. ஓரமா வரையச் சொல்றேன்."

"ஓரமா வரைஞ்சாலும் சாக்தானே? செருப்புல ஒட்டி லிஃப்டுக்குள்ள எல்லாம் மஞ்சளும் பச்சையும். ஏன், வீட்டுல வரையக்கூடாதா?"

"வைதேகிக்கு முதுகு வலி அக்கா. மேல உக்காந்து பாப்பா. அதான்."

சுசீலா அண்ணாந்து நாலாவது மாடியைப் பார்த்தார். "முதுகு வலிக்கு நல்ல தைலம் இருக்கு, நான் தர்றேன். அதுக்குத் தரையில படம் எதுக்குலா?"

கபிலனிடம் பதில் இருந்தது. வாயைத் திறந்தால் வந்துவிடும். மூடிக்கொண்டான்.

மறுநாள் புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில், வாந்தி எடுப்பவனின் படம் வந்தது. மூன்றாம் மாடியில் யாரோ எடுத்துப் போட்டு, இதற்கெல்லாம் அனுமதி உண்டா என்று கேட்டிருந்தார்கள். கேட்டதுதான் தாமதம். வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள். பார்க்க அசிங்கமாக இருக்கிறது. இன்று சாக்பீஸ், நாளை பெயின்ட். பெற்றோர் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள், அதுதான் இன்னும் கொடுமை. ஏழாம் மாடி ரமீஸ் மட்டும், 'பிள்ளைகள்தானே, மழை வந்தால் போய்விடும்' என்று எழுதினார். அதற்கு மூன்று கட்டைவிரல் விழுந்தது. எதிர்த்தரப்புக்குப் பத்தொன்பது. கபிலன் அதே குழுவில்தான் இருந்தான். 'மன்னிக்கவும்' என்று தட்டிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தான்.

புகார், புளோக்குகளைப் பராமரிக்கும் டவுன் கவுன்சிலுக்குப் போயிற்று. லிஃப்ட் வாசலில் நாலு மொழியில் அறிவிப்பு ஒட்டினார்கள். தினமும் காலை எட்டு மணிக்குத் தண்ணீர்க் குழாயோடு முத்துசாமி வரத் தொடங்கினான். அறந்தாங்கிக்காரன், அந்த வட்டாரத்து நாலு புளோக்குக்கும் துப்புரவு வேலை அவனுடையது.

"அண்ணே, எனக்குக் கழுவ மனசே இல்ல," என்று மாலையில் கபிலனிடம் வந்து சொன்னான். "ஆனா கழுவி போட்டோ அனுப்பலைன்னா சூப்பர்வைசர் என்னையக் கழுவிடுவாரு."

"உங்க வேலையப் பாருங்க முத்து. உங்க மேல என்ன தப்பு?"

மாத்திரை மயக்கத்தில் வைதேகி எழுந்திருக்கவே எட்டரை ஆகும். எழுந்து ஜன்னலுக்கு வந்தால் ஈரத் தரைதான் இருக்கும். மாலையிலோ, இனியா வரைந்து முடிப்பதற்குள் இருட்டத் தொடங்கிவிடும். மங்கலான கோடுகள்தான் தெரியும். விடிந்ததும் வெளிச்சத்தில் பார்ப்பதுதான் அவளுக்குப் படம். அது போய்விட்டது.

இதை இனியாவிடம் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண் ஒரு மாலை பள்ளிப் பையைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் பரீட்சை வைத்தாள்.

"நேத்து படம் பாத்தீங்களாம்மா?"

"பாத்தேனே கண்ணு. ரொம்ப நல்லா இருந்துச்சு."

"மீனுக்கு எத்தன கண்ணு?"

"ரெண்டு."

"அஞ்சு!" என்று கத்தினாள் இனியா. "அஞ்சு கண்ணு போட்டேன்! நீங்க பாக்கவே இல்ல!"

அன்று மாலை அவள் கீழே வரமாட்டேன் என்றாள். அடுத்த நாளும். வைதேகி நாற்காலிக்கு வருவதை நிறுத்தினாள். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, விரல் விட்டு நாள் எண்ணத் தொடங்கினாள். முதலில் கலைந்தது எந்த நாளில், இரண்டாவது எந்த நாளில், இது எத்தனையாவது நாள். சாப்பாடு இறங்கவில்லை. இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது என்று கிளினிக்கில் சொன்னார்கள், மனதைச் சந்தோஷமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுவார்கள். மனைவியைச் சந்தோஷமாக வைத்திருந்தது ஒரு டப்பா சாக்பீஸ். அதைத் திரும்ப வாங்கித்தரக் கபிலனிடம் இருந்தது ஒரே ஒரு வாக்கியம். அதைத்தான் அவள் தலையில் வைத்துப் பூட்டியிருந்தாள்.

மூன்று நாள் யோசித்தான். நாலாம் நாள் இரண்டாம் மாடிக்குப் போய் சுசீலாவின் கதவைத் தட்டினான்.

"அக்கா, ஒரு விஷயம். உங்களோட இருக்கணும்."

சொன்னான். தையல், படுக்கை, முன்னே போன இரண்டு, மாடியிலிருந்து தெரிகிற படம், எல்லாம். சொல்லச் சொல்ல சுசீலாவின் முகம் சுருங்கிப்போயிற்று. கம்பிக் கதவைப் பிடித்தபடி அங்கேயே நின்று அழுதார்.

"ஐயோ தம்பி, மொதல்லயே சொல்லியிருந்தா நான் வாயத் தொறந்திருப்பேனா? பாவி நான், பாவி."

"யாருக்கும் தெரியக்கூடாது அக்கா. வைதேகிக்கு நான் சத்தியம் பண்ணியிருக்கேன்."

"என் வாயில பூட்டுலா. நீங்க கவலைப்படாதீங்க. படத்த யாரும் தொடமாட்டாங்க, அது என் பொறுப்பு."

பொறுப்பு என்றால் சுசீலாவுக்குப் பொறுப்புதான். ஆனால் காரணம் சொல்லாமல் பத்தொன்பது பேரின் வாயை எப்படி அடைப்பது? அன்றிரவே கபிலனும் வைதேகியும் இல்லாத ஒரு புதிய வாட்ஸ்அப் குழு பிறந்தது. அதில் விஷயத்தை முழுதாக எழுதி, 'அந்தப் பெண் கூச்ச சுபாவம், தெரிந்த மாதிரி யாரும் காட்டிக்கொள்ள வேண்டாம்' என்று கேட்டுக்கொண்டிருந்தார். நம் புளோக் ஆட்கள் வெளி ஆட்களா என்ன, என்பது அவர் நியாயம். ரமீஸ் லிஃப்டில் அதைக் காட்டியபோதுதான் கபிலனுக்குத் தெரிந்தது. நாற்பத்தாறு பேர். அத்தனை பேரும் கண்ணீர் முகம் அனுப்பியிருந்தார்கள்.

இனிமேல் எதைச் சொல்லி யாரை நிறுத்துவது?

அதோடு புளோக்கே மாறிப்போனது. லிஃப்ட் வாசலில் இருந்த அறிவிப்பு ஒருநாள் காலையில் காணாமல் போயிற்று. அசிங்கம் என்று எழுதியவர், பிள்ளைக்கு நல்ல கைவண்ணம் என்று கபிலனின் தோளைத் தட்டினார். வீட்டு வாசலில் செருப்பு அலமாரி மேல், யார் வைத்தது என்று தெரியாமல் சாக்பீஸ் பெட்டிகள் வந்தன. ஐந்தாம் மாடி சீனப் பாட்டி சிவப்புப் பேரீச்சம்பழம் கட்டித் தொங்கவிட்டார், கர்ப்பிணிகளுக்கு அது நல்லதாம். கபிலன் வேலை முடிந்து வந்ததும் முதல் காரியமாக, வைதேகி கண்ணில் படுமுன் வாசலைக் காலி செய்தான். பேரீச்சம்பழத்தைத் துவாஸுக்கு எடுத்துக்கொண்டு போய், கூட வேலை பார்க்கும் வெங்கட்டுக்குக் கொடுத்தான். நாற்பத்தாறு பேரும் ஒரு ரகசியத்தைக் காத்தார்கள். அவர்கள் காத்ததை ரகசியமாக வைக்க அவன் ஒருவன் ஓடிக்கொண்டிருந்தான்.

ஆனாலும் அந்த நாட்கள் நல்ல நாட்கள். அதை மறுக்க முடியாது. இனியா திரும்பவும் கீழே இறங்கினாள். மற்ற மாடிப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். விடிந்து எட்டரை ஆனாலும் படம் அப்படியே இருந்தது. வைதேகி நாற்காலிக்கு வந்தாள், இரண்டு தோசை சாப்பிட்டாள், ஐந்து கண் மீனுக்கு இப்போது ஆறு கண் என்று சரியாகச் சொல்லி மகளிடம் பாஸ் ஆனாள்.

"எப்படிங்க எல்லாரும் இவ்ளோ நல்லவங்களா ஆயிட்டாங்க?"

"போய்ப் பேசினேன். குழந்தைங்கதானேன்னு சொன்னேன்."

"வேற ஒண்ணும் சொல்லலியே?"

"ஒண்ணும் சொல்லல."

அவள் அவன் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். கபிலன் அந்தக் கையை அசைக்கவே பயந்தான்.

சுசீலாவிடம் சொன்ன பதினாலாம் நாள், வியாழக்கிழமை காலை, வைதேகிக்குக் காய்ச்சலும் வலியும் வந்தன. ஆம்புலன்ஸில் போனார்கள். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆண் குழந்தை. உள்ளே தொற்று ஏற்பட்டிருக்கிறது, யார் செய்ததும் இல்லை, யாரும் தடுத்திருக்கவும் முடியாது என்று அந்த இளம் டாக்டர் இரண்டு முறை நிதானமாகச் சொன்னார். கபிலன் தலையாட்டினான். கழற்றிப் பார்த்துக் காரணம் சொல்கிற ஆள் அவன், காரணம் கையில் கிடைத்துவிட்டது. இருந்தும் ஆஸ்பத்திரி நடையில் நின்றுகொண்டு நாள் எண்ணினான். பதினாலு. திரும்ப எண்ணினான். பதினாலுதான் வந்தது.

வைதேகி அழுது முடித்த பிறகு ஒன்றே ஒன்று சொன்னாள்.

"நல்ல வேளை, இந்தத் தடவை யாருக்கும் தெரியாது. யாரும் வந்து ஆறுதல் சொல்லமாட்டாங்க. அது ஒண்ணுதான் எனக்கு."

சனிக்கிழமை காலை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். இனியாவை இரண்டு நாளாகப் பாசிர் ரிஸ்ஸில் வெங்கட் வீட்டில் விட்டிருந்தார்கள். மருந்துச் சீட்டுக்காகக் காத்திருந்தபோது ரமீஸிடமிருந்து ஒரு படம் வந்தது. 'உங்களுக்காகக் காத்திருக்கிறோம்' என்று கீழே எழுதியிருந்தார். ஆம்புலன்ஸைப் பார்த்தவர்கள், பாதுகாப்புக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டார்கள். வெள்ளி மாலை பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து இறங்கியிருக்கிறார்கள். லிஃப்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை மொத்த நடைபாதையும் நிறைந்திருந்தது. தொட்டில், பலூன், பால் புட்டி, நாலு மொழியில் எழுத்து. தமிழ் சுசீலாவின் கையெழுத்து. 'பாப்பாவே வருக' என்று ஒவ்வோர் எழுத்தும் ஓர் ஆள் நீளத்துக்கு, நாலாவது மாடிக்குத் தெரியும்படி.

கபிலன் படிக்கட்டுப் பக்கம் ஓடிப்போய் முத்துசாமிக்குப் போன் போட்டான்.

"முத்து, உடனே கழுவிடுங்க. உங்களக் கெஞ்சிக் கேக்கறேன்."

"என்னண்ணே இப்படிச் சொல்றீங்க? உங்களுக்காகத்தானே போட்டிருக்காங்க! சுசீலா அக்கா ஆபீஸுக்கே போன் பண்ணி, ஒரு வாரம் அந்தப் பக்கம் தண்ணியே விடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. சூப்பர்வைசரும் சரின்ட்டாரு. இப்ப நான் கழுவினா எனக்கு வேல போயிடும்ணே. ஏன், என்னாச்சு?"

என்னாச்சு என்று சொன்னால் முத்துசாமி கழுவிவிடுவான். சுசீலாவிடம் சொன்னால் அவரே மண்டியிட்டுத் துடைப்பார். ஆனால் சொல்லவேண்டும். சொன்னால் நாற்பத்தாறு பேருக்கும் தெரியும், நாற்பத்தாறு பேரும் வருவார்கள். குழுவில் எழுத ஆரம்பித்து அழித்தான், எழுதி அழித்தான். ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தான். தினமும் கேட்காமல் கொட்டுகிற ஊர், அன்றைக்குப் பார்த்துச் சுத்தமாக வெளுத்திருந்தது.

"ஒண்ணுமில்ல முத்து," என்று போனை வைத்தான்.

டாக்சிக்காரரைப் பின்பக்கக் கார் நிறுத்தத்துக்குப் போகச் சொன்னான். ஏன் சுற்றிப் போகிறோம் என்று வைதேகி கேட்கவில்லை. பின்பக்க லிஃப்டில் ஏறினார்கள், யாரும் எதிர்ப்படவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டான். வெளிச்சம் கண் கூசும், படு என்றான். அவளும் படுத்தாள். இன்று ஒரு நாள், ஒரே ஒரு மழை, அது போதும் என்று அவன் மனம் கெஞ்சிக்கொண்டிருந்தது.

இனியாவை மறந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைதான் அழைத்து வருவதாகப் பேச்சு. அம்மா வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டதும் அவள் வெங்கட்டைப் பிடுங்கி எடுத்திருக்கிறாள். அவர் முன்பக்கமாக இறக்கிவிட்டுப் போனார்.

கதவு திறந்த வேகத்தில் சுவரில் மோதியது. பின்னாலேயே, கையில் மூடி போட்ட பாத்திரத்தோடு, மூச்சிரைக்க சுசீலா.

"அம்மா! நமக்குப் பாப்பா வருதாமே!" இனியா கட்டிலின்மேல் தாவி ஏறினாள். "கீழ எழுதியிருக்கு! சுசீலா ஆன்டியும் சொன்னாங்க! ஏன்மா என்கிட்ட சொல்லல? எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியல!"

வைதேகி எழுந்து உட்கார்ந்தாள். மகளின் தலையைத் தடவிக் கொடுத்தாள். தடவியபடியே கபிலனைப் பார்த்தாள்.

"எப்போ சொன்னீங்க?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம். எல்லாம் முடிந்த பிறகு, ஆஸ்பத்திரியிலிருந்துதான் யாரிடமோ உளறினேன் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருக்க மாட்டாள், ஆனாலும் பிடித்துக்கொள்ள ஒரு பொய்யாவது கிடைத்திருக்கும். அவன் வாயைத் திறந்தான்.

"அவரத் திட்டாதம்மா," என்று முந்திக்கொண்டார் சுசீலா. "தம்பி சொல்லி ரெண்டு வாரம் ஆச்சு, எல்லாரும் வாயக் கட்டிட்டுத்தான் இருந்தோம். இன்னைக்குத்தான் சந்தோஷத்துல தாங்கல. பாயசம் வெச்சிருக்கேன், ஒரு வாய் சாப்பிடு."

வைதேகியின் உதடுகள் அசைந்தன. என்ன எண்ணுகிறாள் என்று கபிலனுக்குத் தெரியும். எந்த எண்ணில் வந்து நிற்பாள் என்பதும் தெரியும். நின்றாள். அவனைத் திரும்பப் பார்க்கவில்லை.

"உள்ள வாங்க அக்கா, உக்காருங்க," என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது. "காப்பி போடறேன்."

போர்வையை விலக்கிவிட்டுக் கட்டிலிலிருந்து இறங்கினாள். சுசீலா பதறிப்போனார்.

"ஐயோ, நீ எழுந்திரிக்கக் கூடாதும்மா! படு, படு! தம்பி, என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? படுக்கச் சொல்லுங்கலா!"

வைதேகி சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து கெட்டிலில் தண்ணீர் பிடித்தாள். நிரம்பிய கெட்டிலை ஒரு கையால் தூக்கி அடுப்பில் வைத்தாள். பத்து வாரமாக ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட அவளைத் தூக்கவிடாத கபிலன், இப்போது தடுக்கவில்லை.